கலைச்சொல் உதவி: சிட்டி ஆகாத ஊருக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கலிபோர்னியாவில் மவுண்டன் ஹவுஸில் வாரக் கடைசித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இந்தச் சனிக்கிழமை 'எங்கள் ஊர்' பாடம். வியாழன் இரவுக்குள் தாள்களை அச்சடித்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் ஊர் 2024 ஜூலை 1 அன்றுதான் சிட்டி ஆனது. அதற்கு முன்பு 20 ஆண்டுகள் அது 'அன்இன்கார்ப்பரேட்டட் கம்யூனிட்டி', அதாவது தனக்கென்று நகர அரசு இல்லாத ஊர். 2020 கணக்கெடுப்பில் 24,499 பேர் இருந்தார்கள். பள்ளிகள், பூங்காக்கள் எல்லாம் இருந்தன. தண்ணீர், சாக்கடை, சாலை பார்த்துக்கொள்ள 1996-இல் அமைத்த ஒரு சேவை வாரியமும் இருந்தது. ஆனால் எந்த நிலத்தில் கடை வரலாம், எதில் வீடு கட்டலாம் என்று முடிவெடுப்பது மட்டும் ஸ்டாக்டனில் உட்கார்ந்திருக்கும் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) கையில். 2024 மார்ச் 5 வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் 'சிட்டி வேண்டும்' என்றார்கள்.

போன வாரம் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நான் பொறந்தப்போ இது ஊர் இல்லையா?" அவள் தாளில் 'நான் பிறந்தபோது மவுண்டன் ஹவுஸ் ஒரு ______' என்ற இடத்தில் முதலில் 'ஊர்' என்று எழுதி அழித்திருக்கிறாள். அப்புறம் 'கிராமம்' என்று எழுதி அதையும் அழித்திருக்கிறாள். அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே கிழிந்துவிட்டது. கிராமம் என்பது இங்கே ஒத்துவராது. எங்கள் ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் 'வில்லேஜ்' என்றுதான் பெயர். விக்லண்ட் வில்லேஜ் பிள்ளை கிராமம் என்றால் தன் தெருவைத்தான் நினைப்பாள்.

மொழிபெயர்ப்புக் கருவி 'இணைக்கப்படாத சமூகம்' என்கிறது. ஒற்றுமை இல்லாத ஊர் என்றல்லவா படுகிறது? அந்த நிலைக்கு ஒரு சொல், சிட்டியாகும் நிகழ்வுக்கு ஒரு சொல், இரண்டும் வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லும்படி இருக்கட்டும்.

அன்புடன்,
ந.

* * *

அன்புள்ள ஆசிரியைக்கு,

வேரிலிருந்து தொடங்குவோம். இன்கார்ப்பரேட் என்பதற்குள் இருப்பது 'கார்பஸ்', இலத்தீனில் உடல். ஆட்களின் கூட்டத்துக்குச் சட்டம் ஓர் உடலைக் கொடுக்கிறது. அந்த உடல் சொத்து வாங்கும், வழக்குத் தொடுக்கும், வரி போடும். தமிழில் உடலுக்கு மெய் என்று பெயர். மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய். இங்கே மக்கள் என்ற உயிர் இருக்கிறது, மெய்தான் வந்து சேரவில்லை. எனவே 'மெய்பெறா ஊர்'. சிட்டியாவது 'மெய்யாக்கம்'.

கவுண்டி என்று எழுத வேண்டிய தேவையும் இல்லை. தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்து ஆண்டார்கள். 'கோட்டம்' நம்மிடம் இருக்கும்போது கடன் ஏன்?

இன்னொன்று. சங்கப் பாடல்களில் 'நகர்' என்றால் பெரும்பாலும் மாளிகை, கோயில். மவுண்டன் ஹவுஸ் என்பது சொல்லுக்குச் சொல் 'மலைநகர்'. உங்கள் ஊர் சிட்டியாகும் முன்பே பெயரில் நகராக இருந்திருக்கிறது!

த.

* * *

த. ஐயா, 'மெய்பெறா ஊர்' என்றால் 'பொய்யூர்' என்றுதான் காதில் விழும். பிறந்து வளர்ந்த ஊரைப் பொய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வராது. கோட்டம் என்றால் சென்னைக்காரர்களுக்கு வள்ளுவர் கோட்டம். கவுண்டி அப்படியே இருக்கட்டும்.

நான் சொல்வது: 'நகராட்சி பெறாத ஊர்'. எல்லாருக்கும் புரியும்.

இ., ஹூஸ்டன்

* * *

வணக்கம்.

சொல் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சோழர் காலத்தில் ஊர்கள் பல சேர்ந்தது நாடு. ஓர் ஊர் பெரிதாக வளர்ந்து, நாட்டுக்குள் அடங்காமல் தன் காரியத்தைத் தானே பார்க்கும் நிலைக்கு வந்தால் அதைக் கல்வெட்டுகள் 'தனியூர்' என்கின்றன. உத்தரமேரூர் தனியூர். சிதம்பரம், அதாவது பெரும்பற்றப்புலியூர், தனியூர். இதற்கு முந்தைய வழக்கு 'தன்கூறு'. 'காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று உத்தரமேரு' என்று படித்திருப்பீர்கள். 919-லும் 921-லும் குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்த அதே ஊர்தான். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று நடத்தியிருக்கிறார்கள். ஆசிரியை 'சேவை வாரியம்' என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு உத்தரமேரூர் கோயில் சுவரே நினைவுக்கு வந்தது.

கவுண்டியிலிருந்து பிரிந்து தனியாகத் தன்னை ஆளும் ஊர், தனியூர். அந்த நிலைக்கு வராதது 'தனியூராகாத ஊர்'. நிகழ்வு 'தனியூராதல்'. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

ப.

* * *

ப. ஐயாவின் மடலுக்கு நன்றி. எங்கட பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு.

இலங்கைச் சட்டத் தமிழில் இன்கார்ப்பரேட் என்பதற்குக் 'கூட்டிணைத்தல்' வழங்குகிறது. 'கூட்டிணைக்கப்பட்ட கம்பனி' என்று எழுதுவோம். ஊருக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், கம்பனி வாடை போகாது.

ஆனால் கிழக்கில் சாய்ந்தமருது மக்கள் கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தங்களுக்கென்று நகர சபை வேண்டுமென்று கேட்டார்கள். 2020 பெப்ரவரியில் வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு வந்தது, சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. அங்கே சபை ஏற்கெனவே இருந்தது, ஆகவே இது அதே விடயம் அல்ல. சொல்லைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். சனங்கள் வாயில் இருந்தது 'தனிச் சபை'. எவரும் அவர்களுக்குக் கல்வெட்டுப் படித்துக் காட்டவில்லை. 'தனி' தானாக வந்தது. இதனால் எனக்குத் தனியூரில் ஒரு பிடிப்பு உண்டு.

ச.

* * *

எல்லாருக்கும் நன்றி. தனியூர் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. செவ்வாய் மாலை வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஓர் அட்டையில் 'தனியூர்' என்று எழுதிக் காட்டி, என்ன பொருள் என்று கேட்டேன்.

பெரியவன் படித்துவிட்டு, "ப்ரைவேட் ஊரா டீச்சர்? கேட் போட்டிருக்குமா?" என்றான். தனியார் பள்ளி, தனியார் பேருந்து என்று போன மாதம்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். சின்னவள், "பக்கத்துல யாரும் இல்லாத ஊர்" என்றாள். இரண்டு பேருமே தமிழைச் சரியாகத்தான் படித்தார்கள்.

'நகராட்சி பெறாத ஊர்' என்ற அட்டையைக் காட்டினேன். நகராட்சி என்றால் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். அப்புறம் "ஏன் பெறல? குடுக்கலையா?" என்று கேட்டாள் சின்னவள்.

ந.

* * *

அந்தச் சின்னவள் கேட்டதுதான் சரியான கேள்வி. என் பரிந்துரையில் இருக்கும் குறை அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கம் ஹூஸ்டனுக்கு வடக்கே தி வுட்லண்ட்ஸ் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள். 2021 நவம்பரில் சிட்டியாகலாமா என்று வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு 'வேண்டாம்'. சொத்து வரி ஏறிவிடும், இப்போதிருக்கும் டவுன்ஷிப் அமைப்பே போதும் என்று நினைத்தவர்கள் அவர்கள். 'பெறாத' என்பது அவர்களுக்குப் பொருந்தாது. லாஸ் வேகஸின் பெரிய கேசினோ தெரு பெரும்பாலும் லாஸ் வேகஸ் நகரத்துக்குள் இல்லை. அது பாரடைஸ் என்ற ஊரில் இருக்கிறது. நகரம் தங்களை விழுங்கி வரி போட்டுவிடக் கூடாது என்று 1950-இல் தனியாக ஏற்படுத்திக்கொண்ட ஊர் அது. இன்றுவரை சிட்டியாகவில்லை. இன்னொரு பக்கம் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ். பல முறை கேட்டும் ஆகவில்லை. 2012-இல் வருமானம் போதாது என்று கைவிட்டுப் போனது. ஒருவர் வேண்டாம் என்கிறார், ஒருவர் வேண்டும் என்று கேட்டும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சட்ட நிலையில்தான் இருக்கிறார்கள். சொல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது.

சிட்டியாவது எப்போதும் வரம் என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். மவுண்டன் ஹவுஸுக்கு முன்னால் கலிபோர்னியாவில் கடைசியாகச் சிட்டியானது ஜுரூபா வேலி, 2011 ஜூலை 1. புது நகரங்களுக்கு வர வேண்டிய வாகனக் கட்டணப் பங்கை அதே கோடையில் மாநில அரசு எடுத்துக்கொண்டது. பிறந்த உடனேயே கலைந்துவிடும் நிலைக்கு அந்த ஊர் போனது.

ஆகவே 'பெறாத'வை எடுத்துவிடுகிறேன். 'நகராட்சி அமையாத ஊர்'. அமைதல் தன்வினை. யார் கொடுத்தார், யார் மறுத்தார் என்ற கேள்வியே எழாது.

இ.

* * *

'அமையாத' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வள்ளுவர் 'நீரின்று அமையாது உலகு' என்கிறார். அங்கே அமையாது என்றால் நிலைபெறாது, இயலாது. நகராட்சி அமையாத ஊர் என்றால் நகராட்சிக்குத் தகுதியற்ற ஊர் என்றும் பொருள் கொள்ளலாம்.

'நகராகா ஊர்' என்று சுருக்கலாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'ஊர்'க்குப் பதில் 'குடியிருப்பு' போட்டால் 'நகராகாக் குடியிருப்பு', ககர ஒற்று மிகும். ஆசிரியை தாளில் ஒற்றை விட்டுவிட வேண்டாம். ஒருவர் தனி மடலில் இன்னும் சுருக்கி 'நகராக் குடியிருப்பு' என்று அனுப்பியிருந்தார். அது கூடவே கூடாது. இடம்விட்டு நகராத குடியிருப்பு என்று ஆகிவிடும்.

த.

* * *

த. ஐயா, குறளைச் சொன்னதும் எனக்கு 2015 ஞாபகம் வந்தது. அந்த ஜூனில், பெரிய வறட்சியில், எங்கள் ஊருக்குத் தண்ணீர் தந்த ஒரே பாசன நிறுவனத்தின் உரிமையை மாநிலம் நிறுத்திவைத்தது. ஊருக்கு வேறு நீர் கிடையாது. வெளியிலிருந்து விலைக்கு வாங்கிச் சமாளித்தார்கள். குளியலறையில் வாளி வைத்துப் பிடித்த தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றிய வீடு எங்களுடையது. 'நீரின்று அமையாது' என்பதை நான் வகுப்பில் நடத்தும்போது அந்த நீல வாளியைச் சொல்லித்தான் நடத்துகிறேன்.

ஆனால் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்கும் அமைதல், 'வீடு அமைந்தது', 'வேலை அமைந்தது' என்று பாட்டி சொல்லும் அமைதல். அதில் தகுதி வரவில்லை. அமைய வேண்டிய நேரத்தில் அமையும் என்பதுதான் வருகிறது.

அப்புறம் நகராட்சி என்ற சொல்லிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தமிழ்நாட்டில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று படிகள் இருக்கின்றன. இங்கே அப்படி இல்லை. கலிபோர்னியச் சட்டத்தில் சிட்டியும் டவுனும் ஒன்றே. பெற்றோர்கள் குழம்பமாட்டார்களா?

ந.

* * *

குழம்பமாட்டார்கள் அம்மா. நான் சென்னையில் கார்ப்பரேஷன் பள்ளியில் படித்தவன். வீட்டில் கார்ப்பரேஷன் தண்ணி, தெருவில் கார்ப்பரேஷன் லாரி. 1687 பட்டயத்தின் பேரில் 1688-இல் மெட்ராஸுக்கு வந்த கார்ப்பரேஷன் அது. அந்தச் சொல்லுக்குள் 'உடல்' இருப்பது த. ஐயா சொல்லித்தான் எனக்கே தெரியும். தெரியாமலே எண்பது வயதுவரை என் அம்மா அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தினார். வேர் தெரிந்து யாரும் பேசுவதில்லை. நகராட்சி போதும்.

உண்மையான சிக்கல் வேறு. தமிழ்நாட்டில் மக்கள் வாழும் இடம் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ ஏதாவது ஒன்றில் சேர்ந்துதான் இருக்கும். உள்ளாட்சியே இல்லாமல் மேலே இருக்கும் மாவட்டம் நேராக ஆள்கிற ஊர் என்ற நிலை நம் அனுபவத்தில் இல்லை. அதனால்தான் ஒரே சொல்லில் அடக்க முடியாமல் திணறுகிறோம். எந்தச் சொல்லைப் போட்டாலும் ஆசிரியை ஒரு வரி விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மு.

* * *

நானும் இ. சொன்னதற்கே.

ச. (தனியூரை விட மனமில்லை. ஆனாலும் பிள்ளைகள் 'கேட் போட்ட ஊர்' என்று வாசித்தால் என்ன செய்ய?)

* * *

வியாழன் இரவு 10 மணி. இதுவரை வந்தவற்றில் ஆறு பேர் 'நகராட்சி அமையாத ஊர்', இரண்டு பேர் 'தனியூராகாத ஊர்', ஒருவர் 'நகராகா ஊர்'. முதலாவதை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நிகழ்வுக்கான சொல் முடிவாகவில்லை. 'நகராட்சியாதல்' என்று மூன்று பேரும் 'நகராட்சி அமைவு' என்று மூன்று பேரும் நிற்கிறீர்கள். தாளில் இப்போதைக்கு 'நகராட்சி ஆனது' என்று வினையாகவே எழுதிவிட்டேன்.

மூன்று சொல் எழுத வேண்டியிருப்பதால் கோட்டை நீளமாகப் போட்டிருக்கிறேன். தாள் கிழிந்த பிள்ளைக்குத் தடித்த தாளில் ஒரு படி எடுத்துவைத்தேன்.

ந.

* * *

ஆசிரியைக்கு வாழ்த்துகள். பாடம் நன்றாக நடக்கட்டும்.

என் வாக்கு தனியூருக்கே, அதை மாற்றிக்கொள்ளவில்லை. குழுவின் சொற்பட்டியலில் 'நகராட்சி அமையாத ஊர்' என்று ஏற்றும்போது பக்கத்தில் 'தனியூராகாத ஊர்' என்பதையும் மாற்றுச் சொல்லாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தனியூர் வரும் கல்வெட்டு வரிகளைத் திங்கட்கிழமை தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

ப.