செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் ஓடவில்லை: கலைச்சொல் தேவை

பயிற்றுநர், திருப்பரங்குன்றம்:

அனைவருக்கும் வணக்கம். டிராக்டர் டீசல் இன்ஜின் பழுதுபார்ப்புக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றுவது ஒன்று. டீசல் பற்றி இன்ஜின் தானாக ஓடுவது வேறொன்று. பட்டறையில் இரண்டுக்கும் 'ஸ்டார்ட்' என்றே பேச்சு. 'ஸ்டார்ட் ஆகலை' என்று போனில் கேட்டதும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, ஸ்பேனரோடு போனால் போதுமா என்று பையன்களுக்குத் தெரிவதில்லை. முன்னதை 'முடுக்கல்', பின்னதை 'கிளப்பல்' என்று வைக்கலாமா? கூடவே, டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றும் 'ஏர் எடுப்பது' என்பதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், தல்லாகுளம்:

முடுக்கல் வேண்டாம் தம்பி. பள்ளிப் பாடநூலில் முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். முடுக்கி என்றால் காலால் மிதிப்பது. போதாக்குறைக்கு நம் பக்கம் முடுக்கு என்றால் எதிரில் ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லாத சந்து. கிளப்பல் காதுக்கு இனிமைதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நகர்த்தச் சொல்லவும் 'வண்டியைக் கிளப்பு' என்கிறோமே.

தமிழாசிரியர் (ஓய்வு), மேலூர்:

புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை, இலக்கணமே எடுத்துக் கொடுக்கிறது. சுழல் தன்வினை, சுழற்று பிறவினை. செல்ஃப் இன்ஜினைச் சுழற்றுகிறது. டீசல் பற்றிய பிறகு இன்ஜின் தானே சுழல்கிறது. பிறவினை தன்வினையாக மாறாமல் நிற்பதுதான் உங்கள் பழுது. ஆகவே முன்னது சுழற்றம், பின்னது சுழற்சி.

இன்ஜினில் சுழலும் வளைந்த தண்டான கிராங்க் என்ற உறுப்பின் பெயரிலிருந்துதான் ஆக்க வேண்டும் என்றால் வணரி இருக்கிறது. வணர் என்றால் வளைவு. யாழின் வளைந்த கொம்பை வணர்கோடு என்பது பழைய வழக்கு. வணங்கு, வளை, வட்டம் எல்லாம் அந்த வழியில் வந்தவை என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் குனிந்துதான் கைப்பிடியைச் சுற்றினார்கள். அதனால் வணரூட்டல் இரட்டிப்புப் பொருத்தம்.

மெக்கானிக், திருமங்கலம்:

ஐயா, யாழ் இதுவரை எங்கள் பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்ததில்லை. சுழற்றம், சுழற்சி இரண்டும் பட்டறைச் சத்தத்தில் ஒன்றுபோலத்தான் காதில் விழும்.

எந்தச் சொல்லைப் போட்டாலும் அதற்குக் கீழே 'சைலன்சரைப் பார்' என்று போடுங்கள் சார். செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றியும் புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறதா, இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் நாபை இழுத்தபடியே விட்டுவிட்டார்களா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, லைனில் ஏரா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றத்தான் இல்லை. இதில் பெட்ரோல் வண்டி மாதிரி பிளக் பொறி கிடையாது. காற்று 14 முதல் 22 மடங்கு வரை அமுங்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் அந்தச் சூடு ஏறாது. அப்போதுதான் பேட்டரி, டெர்மினல் பக்கம் போக வேண்டும்.

மாணவர், உசிலம்பட்டி:

டீசலுக்கு மட்டும் தமிழ் வேண்டாமா?

தமிழாசிரியர், மேலூர்:

வேண்டாம். அது ருடால்ஃப் டீசல் என்ற ஆளின் பெயர். 1893-ல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றவர். பெயரை மொழிபெயர்ப்பது அழகில்லை. 'ஏர் எடுப்பது' வளிநீக்கம் ஆகட்டும்.

மொழிபெயர்ப்பாளர், தல்லாகுளம்:

ஒரு எழுத்து தவறினால் வலிநீக்கம். கையேடு மருந்துக்கடைக்குப் போய்விடும்.

மெக்கானிக், திருமங்கலம்:

'ஏர் எடுக்கவும்' என்றே விடலாமே? ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, கை பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழி குமிழியாக. குமிழி நின்று டீசல் மட்டும் கம்பி போல வந்ததும், பம்பை அமுக்கிப் பிடித்தபடியே ஸ்குரூவை இறுக்க வேண்டும். இத்தனையும் அந்த இரண்டு வார்த்தையில் அடக்கம். டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் புது காமன் ரெயில் இன்ஜினில் மட்டும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை யாரும் தளர்த்த வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

மொழிபெயர்ப்பாளர், தல்லாகுளம்:

டிராக்டர் கையேட்டில் 'ஏர் எடுக்கவும்' என்றால் சம்சாரி கலப்பையைத் தேடமாட்டாரா?

பயிற்றுநர், திருப்பரங்குன்றம்:

அந்தச் சிரிப்பு வகுப்பிலும் வந்தது. 'காற்று எடுத்தல்' என்று போட்டுவிடுகிறேன். வளிக்கு ஒரு ஓட்டு, காற்றுக்கு மற்றவர்கள் எல்லாரும். தலைப்பைப் பொறுத்தவரை, 'செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் ஓடவில்லை' என்று முழு வாக்கியமாகவே வைக்கிறேன். நேரமில்லை, மன்னிக்கவும்.

தமிழாசிரியர், மேலூர்:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வாக்கியம் கலைச்சொல் ஆகாது. பொருளகராதியில் எந்த எழுத்தின் கீழ் வைப்பீர்கள்? மேலும் 'சுற்று' தன்வினைக்கும் பிறவினைக்கும் பொது. இன்ஜினைச் சுற்றாமல் செல்ஃப் மட்டும் தனியாகச் சுற்றினாலும் இதே வாக்கியம்தான் வரும்.

மெக்கானிக், திருமங்கலம்:

அது நிஜம்தான். செல்ஃபை இன்ஜினோடு கோர்க்கும் பெண்டிக்ஸ் பல் பிடிக்காவிட்டால் செல்ஃப் மட்டும் விர்ரென்று சுற்றும், இன்ஜின் அசையாது. ஐயா சொல்கிற இடத்தில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று, கிணற்று மேட்டில் இருக்கும் பழைய பம்பு செட்டில் செல்ஃபே கிடையாது. உள்ளே காற்று அமுங்காமல் விடும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி, கைப்பிடியால் சுற்றி, வேகம் ஏறியதும் லிவரை விடுவோம். அதற்கு இந்தத் தலைப்பு எப்படிப் பொருந்தும்?

தமிழாசிரியர், மேலூர்:

சுழற்றம் பொருந்தும்.

பயிற்றுநர், திருப்பரங்குன்றம்:

ஐயா, கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். பம்பு செட்டுக்குத் தனிக் கையேடு வரும்போது பேசுவோம்.