இரண்டாம் வாசிப்பு, இரண்டாம் மதிப்பீடு: ‘எடுப்பு’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

ஆங்கிலத்தில் Bill என்பதைச் சட்டமூலம் என்பதா, மசோதா என்பதா, சட்டமுன்வடிவு என்பதா என்று இந்தக் குழுவில் நடக்கும் விவாதத்தைப் படித்துக்கொண்டு வருகிறேன். அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. இலங்கையில் சட்டமூலம் என்ற சொல் ஊன்றிவிட்டது. தமிழ்நாட்டில் மசோதா பேச்சிலும் சட்டமுன்வடிவு சபை ஏடுகளிலும் இருக்கட்டும். எனக்கு இடறுகிற சொல் வேறு. அந்தச் சட்டமூலம் சபைக்குள் போனபின் மூன்று கட்டங்களைத் தாண்டுகிறதே, ஆங்கிலத்தில் reading என்கிற அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர்? எங்கள் பத்திரிகைகள் ‘இரண்டாம் வாசிப்பு’ என்று எழுதுகின்றன. பாராளுமன்றத்தின் தமிழ் அறிக்கைகளில் ‘இரண்டாம் மதிப்பீடு’ என்று வருகிறது. சபைப் பேச்சுகளின் பதிவேடான ஹன்சாட்டில் ‘இரண்டாம் மதிப்பு’ என்றும் கண்டிருக்கிறேன்.

வன்னியில், முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புக்காகப் பாராளுமன்றம் பற்றிச் சின்னக் கைநூல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். போன கார்த்திகையில் கடை வாங்கில் (பெஞ்சில்) இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஐயா என்னைக் கூப்பிட்டார். வரவு செலவுத் திட்டச் செய்தியில் விரலை வைத்துக்கொண்டே, “தம்பி, இரண்டாம் மதிப்பீடு எண்டு கிடக்கு. முதல் போட்ட கணக்குப் பிழையெண்டோ திரும்ப மதிப்பிடினம்?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பிழையே இல்லை. வன்னியில் மதிப்பீடு என்றால் அது யாரோ படிவத்தோடு வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவது. இடிந்த வீட்டுக்கு மதிப்பீடு, வெள்ளத்தில் போன வயலுக்கு மதிப்பீடு, காணிக்கு விலை மதிப்பீடு. ஒருமுறை வந்தவர்கள் மறுமுறையும் வருவார்கள், தொகை மாறும். அதுவும் பணத்தைப் பற்றிய சட்டமூலத்தில் அந்தச் சொல் வந்தால் வேறு எப்படி விளங்கும்?

சரி, வாசிப்பு என்றால் தெளிந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஐப்பசி பிறக்கிற நேரம் எங்கள் நூலகச் சுவர்களில் தேசிய வாசிப்பு மாதப் பதாகை தொங்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு வாசிப்பு என்றால் புத்தகம். இந்தப் பெயர் வந்த காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அச்சடித்த படிகள் கையில் இல்லாத காலத்தில் இங்கிலாந்துச் சபையில் எழுத்தர் சட்டமூலத்தை உரக்க வாசிப்பார், உறுப்பினர்கள் கேட்பார்கள். இன்று எழுத்தர் வாசிப்பது தலைப்பை மட்டுந்தான். சிங்களத்திலும் ‘இரண்டாம் தரம் வாசித்தல்’ என்ற பொருளிலேயே சொல் நிற்கிறது. நாமும் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். நடக்காத ஒரு செயலைப் பெயராக வைத்தால், உண்மையில் நடப்பது மறைந்துபோகிறது என்பதே என் பதில்.

நடப்பது என்ன? முதல் கட்டத்தில் சட்டமூலத்தைச் சபையில் வைக்கிறார்கள், விவாதம் இல்லை. இரண்டாவதில்தான் ‘இப்படி ஒரு சட்டம் வேண்டுமா, இதன் அடிப்படை சரியா’ என்று பேசி வாக்கெடுக்கிறார்கள். பிறகு குழுநிலை, அங்கே வாசகம் வாசகமாகப் பிரித்துப் பார்த்துத் திருத்துகிறார்கள். மூன்றாவதில், திருத்தி முடித்த முழுச் சட்டமூலத்துக்கும் ஆம் அல்லது இல்லை. அதன்பின் சபாநாயகரின் சான்று.

இதை எங்கள் ஆட்களுக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை வைத்துச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். சிறுபோகத்துக்கு, அதாவது குளத்து நீரை நம்பிச் செய்கிற போகத்துக்கு, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசன அலுவலர் சொல்வார். எத்தனை ஏக்கர் செய்வது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். அது தீர்ந்த பிறகுதான் எந்த வாய்க்காலுக்கு எந்தத் திகதியில் தண்ணீர் என்ற பேச்சு. வாய்க்கால் முறை பேசுகிற நேரத்தில் ஒருவர் எழும்பி ஏக்கர்க் கணக்கையே மாற்றினால் கூட்டம் விடாது. இரண்டாம் கட்டத்துக்கும் குழுநிலைக்கும் உள்ள எல்லை அதுதான்.

பாராளுமன்றத்தில் அந்த எல்லை தாண்டப்பட்டதற்கு வடக்கில் இருக்கிற நாங்களே சாட்சி. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம் வந்தது. வேட்புமனுப் பட்டியலில் பெண்களுக்கு 30 வீதம் என்பதுதான் அதன் நோக்கம். குழுநிலையில் சேர்த்த திருத்தங்கள் தேர்தல் முறையையே மாற்றிவிட்டன. அது 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டமானது. புதிய முறைக்குத் தேர்தல் தொகுதிகளின் எல்லைகளை நிர்ணயிக்க வேண்டும். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது, அடுத்த சபைக்கான தேர்தல் ஆண்டுக்கணக்கில் நடக்கவேயில்லை. எங்கள் அரசியல் யாப்பின்படி, சட்டமூலமாக இருக்கும்போதுதான் ஒரு குடிமகன் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். (எங்கள் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு நண்பர்களின் உச்ச நீதிமன்றத்துக்குச் சமம்.) சபாநாயகர் சான்று வைத்தபின் அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. ஆகவே எந்தக் கட்டத்தில் எது நடக்கிறது என்பது சாதாரண ஆளுக்கு விளங்கியே ஆக வேண்டும். சொல் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது.

இனி என் முன்மொழிவு. ‘தரம்’ என்று யோசித்தேன், எங்கள் பேச்சில் இரண்டாந்தரம் என்றால் இரண்டாம் தடவை. ஆனால் ‘மூன்றாம் தரச் சட்டமூலம்’ என்று எழுதிப் பார்த்ததும் கைவிட்டேன். சென்னை நண்பர் சொன்ன ‘ஆய்வு’ இரண்டாவதுக்குப் பொருந்தும், முதலாவதில் ஆய்வு ஏது? ‘பரிசீலனை’ என்றால் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிற ஞாபகம்தான் வரும்.

கடைசியில் சொல் அந்த ஐயாவின் வாயிலிருந்தே வந்தது. நான் விளக்கி முடித்ததும், “அப்ப ரெண்டாந்தரம் எடுக்கினம் எண்டு போடலாமே” என்றார். முதலாம் எடுப்பு, இரண்டாம் எடுப்பு, மூன்றாம் எடுப்பு. வழக்கு எடுபட்டதா என்று கேட்கிறோம், கூட்டத்தில் என் கதை எடுபடவில்லை என்கிறோம். வாக்கெடுப்பும் கணக்கெடுப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. ‘விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று பத்திரிகையும் எழுதுகிறது. ‘இரண்டாம் எடுப்பில் தோற்றது’ என்றால் யாருக்கும் அகராதி வேண்டாம்.

எடுப்பு என்றால் பகட்டு என்ற பொருளும் உண்டே என்று கேட்பீர்கள். முன்னால் எண் நிற்கும்போது அந்தப் பொருள் தலைகாட்டாது. ‘இரண்டாம் எடுப்பின் வாக்கெடுப்பு’ என்பது காதுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், அந்த இடத்தில் ‘இரண்டாம் எடுப்பு வாக்களிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். குழுநிலை என்ற சொல் நன்றாகவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 225 பேரில் 6 உறுப்பினர்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து; கிளிநொச்சி வாக்குகள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு போகின்றன. கைநூலில் ஒரு பக்கம் அந்த 6 பேருக்கு. ஒரு சட்டமூலத்துக்கு யார் எந்த எடுப்பில் எப்படி வாக்களித்தார் என்று வாசகரே குறித்துக்கொள்ள வெற்றுக் கட்டங்கள் விட்டிருக்கிறேன்.

சட்டத்துறையில் இருப்பவர்கள் இந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: “சட்டமூலம் இப்போது இரண்டாம் முறை எடுக்கப்படுமாக.” எங்கே இடிக்கிறது என்று எழுதுங்கள். காலபோக (மாரிமழைப் போக) விதைப்பு முடிந்த கையோடு அச்சுக்குக் கொடுக்க இருக்கிறேன், அதுவரை மாற்ற இடமுண்டு.