கொலுசுப் பட்டறையில உட்கார்ந்தே வேலை: உடம்பும் மனசும் தளராம இருக்க எந்தப் பழக்கம் நிலைக்கும்?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
வணக்கங்க. சேலத்துல எட்டுப் பேர் வேலை பார்க்கிற கொலுசுப் பட்டறை. காலையில 9 மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தா எழுந்திருக்க ராத்திரி 8 ஆகும். தீபாவளி ஆர்டர்னா இன்னும் நேரமாகும். பாதிப் பேருக்குப் பிரஷர் எட்டிப் பார்க்குது, தூக்கம் சரியில்லை, சின்ன விஷயத்துக்கே எரிஞ்சு விழறாங்க. மாசம் ஒரு ஞாயிறு எல்லாரும் ஏற்காடு போறோம். மேல இருக்கறவரை நல்லா இருக்கு, செவ்வாய்க்கிழமைக்குள்ள பழையபடி ஆயிடுது. யோகா வகுப்பு வச்சோம், பத்து நாள்ல நின்னுபோச்சு. எதைத் தொடங்கினா நிலைக்கும்?

அஸ்தம்பட்டி பிசியோ:
ஏற்காட்டை விட்டுடாதீங்க. ஆனா அதையே மருந்தா நம்பவும் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினதும் மனசு லேசாகும், நிஜம்தான். உடம்போட கணக்கு தினப்படிக் கணக்கு. யோகா நின்னதுக்கு யாரோட சோம்பேறித்தனமும் காரணமில்லைங்க. வேலைக்கு வெளியே தனி நேரம் கேட்கிற எதுவும் ஆர்டர் நெருக்கடியில முதல்ல அடிபடும். பட்டறையில எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோட புதுப் பழக்கத்தை முடிச்சுப் போடுங்க.

முதல்ல தண்ணி. பக்கத்துல ரெண்டு லிட்டர் பாட்டில் வைக்காதீங்க. வாசல்கிட்ட பானை, சின்ன டம்ளர். முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்த்தான் குடிக்கணும். எழுந்த கையோட சுவரைப் பிடிச்சுக் குதிகாலை 15 தடவை தூக்கி இறக்கணும். சம்மணத்துல முட்டிக்கு வெளிப்பக்கம் ஓடுற நரம்பு அழுந்தித்தான் கால் மரத்துப்போகுது. எழுந்து நடந்தும் மரப்பு விலகலைன்னாலோ, பாதத்தை மேல தூக்க முடியலைன்னாலோ டாக்டர்கிட்ட காட்டணும்.

அடுத்தது, நாலு மணி டீ வந்ததும் குடிக்கிறதுக்கு முன்னாடி 5 நிமிஷ மூச்சு. மூக்கு வழியா 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடணும். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. விடுற மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு நிதானப்படும், சூட்சுமமே அதுதான். பற்றவைக்கிற இடத்துல உட்கார்ந்து செய்யாதீங்க, புகை உள்ள போகும். வாசலுக்கு வந்துடணும்.

மூணாவதா எதையும் இப்போ சேர்க்க வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சி ஒண்ணு 2010-ல் வந்தது. ஒரு பழக்கம் யோசிக்காம தானா வர சராசரி 66 நாள் ஆச்சு. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால ஒண்ணும் கெடலை. பத்து நாள்ல முடிவு கட்டாதீங்க.

கன்னங்குறிச்சி நர்ஸ்:
"எட்டிப் பார்க்குது"ன்னு விடாதீங்க அண்ணா, அளந்து எழுதுங்க. டீ, புகையிலை முடிஞ்சு அரை மணி கழியணும். சிறுநீர் கழிச்சிட்டு, முதுகு சாய்ச்சு, பாதம் தரையில பட நாற்காலியில 5 நிமிஷம் சும்மா உட்காரணும். கை மேஜை மேல, நெஞ்சு உயரத்துல. கை தொங்கினாலோ பேசினாலோ அளவு கூடக் காட்டும். ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை, காலையும் சாயங்காலமும், 7 நாள். முதல் நாளை விட்டுட்டு மிச்சத்துக்குச் சராசரி பாருங்க. 135/85 அல்லது அதுக்கு மேலன்னா டாக்டரைப் பார்க்கணும். 180/120 தாண்டி நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் இருந்தா உடனே 108.

மாத்திரை சாப்பிடறவங்க மூச்சுப் பயிற்சியை நம்பி அதை நிறுத்தவே கூடாது. பட்டறை இருக்கிற நாள்ல போய் வாங்க முடியலைன்னா, 2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்'ங்கிற அரசுத் திட்டத்துல பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள்ள, தலை தட்டின ஒரு டீஸ்பூன். நம்ம ஊர் நொறுக்குத்தீனி தட்டுவடை செட்டை வாரம் ரெண்டு நாளாக்குங்க. தினமும் தட்டுல விழற ஊறுகாயும் அப்பளமும்தான் முதல்ல குறையணும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
ரொம்ப நன்றிங்க. மூச்சு செஞ்சதுல ரெண்டு பேருக்குத் தலை சுத்துது, விரல் நுனி குறுகுறுங்குது. தப்பா செய்றோமா?

அஸ்தம்பட்டி பிசியோ:
காத்தை அதிகமா இழுக்கிறாங்க. மெதுவான்னு சொன்னதை ஆழமான்னு எடுத்துக்கிட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு இப்படித்தான் ஆகும். வயிறு லேசா எழும்பினா போதும். மூச்சுச் சத்தம் பக்கத்துல இருக்கறவருக்குக் கேட்கக் கூடாது. 4-6 கஷ்டம்னா ஒரு வாரம் 3-4 வச்சுப் பழகட்டும். அப்பவும் சுத்தினா நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க.

அடிவாரம்:
தூக்கத்தைப் பத்தி யாரும் சொல்லலை. அந்த நாலு மணி டீயே கடைசி டீயா இருக்கட்டும். குடிச்ச கஃபீன் பாதியாகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 7 மணி டீ நடுராத்திரியிலும் உடம்புல இருக்கும். படுத்து 20 நிமிஷமா தூக்கம் வரலைன்னா எழுந்து மங்கல் வெளிச்சத்துல, போனைத் தொடாம உட்காரணும். கண் சொக்கினதும் திரும்பப் படுக்கணும். எப்போ தூங்கினாலும் எழுந்திருக்கிற நேரம் மாறக் கூடாது.

பட்டறை சாத்தறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு நோட்டுல 5 நிமிஷம் எழுதட்டும். "கடன் பாக்கி"ன்னு மட்டும் எழுதினா கவலை வீட்டுக்குக் கூடவே வரும். "வெள்ளிக்கிழமை 11 மணிக்குப் போன் பண்ணி ரெண்டு வாரம் தவணை கேட்கணும்"னு எழுதினா மனசு அதை இறக்கி வைக்கும்.

எரிஞ்சு விழறதுல உங்க பங்கும் இருக்குங்க. ஆர்டர் நாள்ல எத்தனை மணிக்கு விடுவீங்கன்னு காலையிலேயே சொல்லிடுங்க, சொன்னபடி விடுங்க. எப்போ முடியும்னு தெரியாம உட்கார்ந்திருக்கிற படபடப்பு எந்த மூச்சுப் பயிற்சிக்கும் அடங்காது. ரெண்டு வாரத்துக்கு மேல எதிலும் பிடிப்பில்லாம இருக்கறவர் யாராவது இருந்தா தனியாக் கூப்பிட்டுப் பேசுங்க. அரசாங்க மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். அந்த நம்பரைத் தண்ணிப் பானைக்கு மேல எழுதி ஒட்டுங்க.