நீரிழிவுக்கு மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா?

தேடல்:
எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது அண்மையில்தான் உறுதியானது. மாவுச்சத்தை அறவே நிறுத்தச் சொல்கிறார் ஒருவர். கொழுப்பைத் தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர். இரண்டையும் கேட்டால் தட்டில் என்ன மிஞ்சும்? காரணத்தோடு சொல்லுங்கள்.

நீலவானம்:
உண்டபின் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் மாவுச்சத்துக்குத்தான் முதலிடம். 1921இல் இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன்பு மருத்துவர்கள் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்துத்தான் நோயாளிகளின் நாட்களை நீட்டினார்கள். கொழுப்பைக் குறைக்கும் வழியோ பெரிய அளவில் சோதிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 48,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஏறத்தாழ 8 ஆண்டுகள் நடந்த ஆய்வில், கொழுப்பைக் குறைத்து உண்டவர்களுக்கு இதயநோய் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இதற்கு மேலும் கொழுப்பை அஞ்சுவது ஏன்?

செம்மண்:
நீங்கள் காட்டுவது உண்ட இரண்டு மணி நேரத்தின் கதை. உடலில் சுரக்கும் இன்சுலின் ஏன் வேலை செய்யவில்லை என்பதல்லவா கேள்வி? கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கும் கொழுப்பு அதற்கு முக்கியக் காரணம். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி தரும் கரைசல்களை மட்டுமே சில மாதங்கள் அருந்தியவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டின் முடிவில், மருந்து இல்லாமலேயே, நோய் தணிந்திருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைந்தவர்களில் அது 86 விழுக்காடு. அந்தக் கரைசலின் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். மாவுச்சத்தே நோயின் வேர் என்றால் இது எப்படி நடந்தது?

நீலவானம்:
850 கலோரியில் பாதி மாவுச்சத்து என்றாலும், அது வழக்கமாக உண்பதைவிட மிகக் குறைவுதானே? தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. ஆகவே அங்கே தேங்கும் கொழுப்பு முழுவதும் எண்ணெயிலிருந்து வந்ததன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த மதிப்பீட்டில், மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 மாதத்தில் நோய் தணியும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

செம்மண்:
கல்லீரல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதே மதிப்பீட்டில், 12 மாதம் ஆனபோது அந்த நன்மை பெரும்பாலும் தேய்ந்துவிட்டதே! நீங்கள் விட்டுவிட்ட இன்னொன்றும் இருக்கிறது: கொழுப்பு எல்லாம் ஒன்றல்ல. சுவீடனின் உப்சாலாவில் 39 பேருக்கு 7 வாரங்கள் கூடுதலாக மஃபின் என்னும் சிறு கேக் கொடுத்தார்கள். சிலருக்கு நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாமாயிலில் செய்தது, மற்றவர்களுக்கு நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு பிரிவினருக்கும் எடை ஒரே அளவில்தான் கூடியது. கல்லீரல் கொழுப்போ பாமாயில் பிரிவினருக்கே அதிகம் சேர்ந்தது. எனவே மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை நிறைவுற்ற கொழுப்பால் நிரப்பினால், சர்க்கரை அளவு இறங்கினாலும் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறக்கூடும். நீரிழிவு உள்ளவர்களின் உயிரைப் பெரிதும் பறிப்பது இதயநோய் என்பதால் இதைச் சிறு விஷயமாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீலவானம்:
எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பது முக்கியம்தான். அதே கேள்வியை மாவுச்சத்திடமும் கேட்க வேண்டும்: நார்ச்சத்துள்ள பருப்பும் முழுதானியமும் வேறு, தீட்டிய மாவும் இனிப்புப் பானமும் வேறு. முதலில் கைவிட வேண்டியவை பின்னவைதான்.

மருந்தாளுநர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. இன்சுலினோ, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் திடீரென மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் என்ற மருந்தை எடுப்பவருக்கு, சர்க்கரை அளவு இயல்பாகத் தோன்றும்போதே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகுந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். தேடல் அவர்களே, நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள்?

தேடல்:
மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும்.

மருந்தாளுநர்:
கிளிமெபிரைடு நான் சொன்ன சல்ஃபோனைல்யூரியா வகையைச் சேர்ந்தது. உணவில் மாவுச்சத்தைக் குறைக்கத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.