சிறுநீரில் எம்டிபிஇ அளந்து பழகியவர்கள் உதவுங்கள்

வணக்கம். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணைக் கூட்டச் சேர்க்கப்படும் எம்டிபிஇ (மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர்), பங்க் ஊழியர்களின் சிறுநீரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம். குப்பிக்குள் மேலெழும் ஆவியை எஸ்பிஎம்இ எனப்படும் பூச்சிட்ட மெல்லிய இழையில் பிடித்து, சேர்மங்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஏற்றுகிறோம். பார்ப்பது, எம்டிபிஇ அங்கே உடைந்து தரும் நிறை 73 கொண்ட அயனி.

சிக்கல், யாருடைய சிறுநீரும் இல்லாத வெற்று மாதிரியிலும் சிறிய உச்சம் வருகிறது. 55 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். ஆய்வகக் காற்றிலிருந்து ஒட்டுகிறதா, மூடியில் ஊசி நுழையும் அடைப்பான செப்டத்திலிருந்தா? டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய எம்டிபிஇயை ஒப்பீட்டுக்காகச் சேர்க்கிறோம்; அது இழப்பைச் சரிக்கட்டும், மாசை அல்ல.

எம்டிபிஇ உடலில் மாறி உண்டாகும் வளர்சிதைப் பொருளான டிபிஏ (டெர்ட்-பியூட்டைல் ஆல்கஹால்) உடலில் கூடுதல் நேரம் தங்குகிறதே, அதையும் சேர்த்து அளக்கலாமா? மாதிரி கொடுத்தவர்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். தவறான எண்ணை அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெற்று மாதிரியைச் சுத்தமாக்கியவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.