மலேசிய இந்தியர் பின்தங்கியவர்களா? 5,981 என்ற எண்ணை எப்படிப் படிப்பது

கணக்குப்பிள்ளை:
மேடைக்கு மேடை "இந்தியச் சமூகம் பின்தங்கிக் கிடக்கிறது" என்று முழங்குகிறார்கள். எண் என்ன சொல்கிறது? புள்ளிவிவரத் துறையின் 2019 குடும்ப வருமான ஆய்வை எடுத்துக்கொள்வோம். எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பம் மாதம் எவ்வளவு ஈட்டுகிறது? அதுதான் மீடியன். சீனருக்கு 7,391 ரிங்கிட். இந்தியருக்கு 5,981. பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரரும் மற்றப் பூர்வகுடிகளும்) 5,420. மொத்த நாட்டுக்கு 5,873.

நாட்டு நடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் சமூகத்தைப் பின்தங்கியது என்றால், கீழே நிற்பவரை என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்? மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள். கண்ணீரோடு வரவேண்டாம்.

பால்மரம்:
எண் சரிதான். படித்த விதம்தான் கோணல். அதே அறிக்கையில் சராசரியும் இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? பூமிபுத்ரா 7,093, சீனர் 9,895, இந்தியர் 8,216. இப்போது சராசரியை மீடியனால் வகுத்துப் பாருங்கள். பூமிபுத்ராவுக்குச் சராசரி 31 விழுக்காடு மேலே. சீனருக்கு 34. இந்தியருக்கு 37. மேல்தட்டில் உள்ள சிலர் சராசரியை இழுத்துத் தூக்குவது இந்தியரிடையேதான் மற்ற இருவரைவிட அதிகம்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "இந்தியர்" என்ற ஒரே கட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள்? யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்து ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தராக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். வட்டித்தொழில் நகரத்தார். போலீசுக்கு வந்த சீக்கியர். தோட்டத்துக் கிராணியாக, அதாவது எழுத்தராக, வந்த மலையாளி. துணிக்கடை குஜராத்தி. இவர்களோடு கங்காணி கூட்டிவந்த தோட்டத் தமிழரும் தெலுங்கரும். 1913-ல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்ததற்கு ஒரு காரணமே, மலாய்க்காரர் அடகு வைத்த நிலம் செட்டியார் கைக்குப் போய்க்கொண்டிருந்ததுதான். அதே ஆண்டில் தோட்டக்காட்டுத் தொழிலாளி லயத்தில், கூலிகளின் வரிசைவீட்டில், கிடந்தான். அட்டவணையில் இருவருக்கும் ஒரே பெயர்.

ஈப்போ வாசி:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியர் எங்கே வாழ்கிறார்கள்? சிலாங்கூர், கோலாலம்பூர், பேராக், பினாங்கு, நெகிரி செம்பிலான், ஜொகூர். பெரும்பாலும் பட்டணம், பட்டணத்தின் ஓரம். பூமிபுத்ரா பத்தியில் கிளந்தான், சபா, சரவாக் எல்லாம் அடக்கம்.

2019-ல் கோலாலம்பூரின் மீடியன் 10,549 ரிங்கிட். சிலாங்கூருக்கு 8,210. கிளந்தானுக்கு 3,563. மாதம் 5,000 ஈட்டும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிளந்தானின் தலைநகர் கோத்தா பாருவில் அது மாநில நடுக்கோட்டைப்போல 1.4 மடங்கு, மதிப்பான குடும்பம். கோலாலம்பூரில் அதே 5,000 நடுக்கோட்டில் பாதிகூட இல்லை. ஆனால் பி40 எல்லை, அதாவது வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டுக் குடும்பங்களைப் பிரிக்கும் கோடு, நாடு முழுக்க ஒன்றேதான், 2019-ல் 4,850. ஆக, கோலாலம்பூர் அடுக்குமாடியில் வாடகை கட்டும் அந்தக் குடும்பம் ஏட்டில் நடுத்தரவர்க்கம். பி40-க்கு என்று வரும் உதவி எதுவும் அதன் கதவைத் தட்டாது.

கணக்குப்பிள்ளை:
> பெரும்பாலும் பட்டணம்

பட்டணம் என்றால் வாடகை மட்டும்தானா? பெரிய மருத்துவமனை, மூன்று நான்கு இடைநிலைப்பள்ளிகள், தொழிற்பேட்டை வேலை எல்லாம் பக்கத்திலேயே உண்டு. சரவாக்கின் உள்நாட்டில் நீளவீட்டில் இருப்பவருக்குப் படகுச் செலவே ஒரு வாடகை. பட்டணத்தின் செலவை மட்டும் எழுதி வரவை விட்டுவிட்டால் அது அரைக் கணக்கு.

அடுத்தது, கால ஓட்டம். 1970-ல் தீபகற்பத்தில் சராசரி மாதக் குடும்ப வருமானம் மலாய்க்காரருக்கு 172, சீனருக்கு 394, இந்தியருக்கு 304. இந்தியர் மலாய்க்காரரைப்போல 1.77 மடங்கு. 2019-ல் 1.16 மடங்கு. இடைவெளி சுருங்கியது உண்மை. ஆனால் சீனரோடு ஒப்பிட்டால்? அன்று 100-க்கு 77, 2019-ல் 100-க்கு 83. ஏறித்தான் இருக்கிறது. கீழே இருந்தவர் வேகமாக ஏறினார் என்பதற்கும் நாம் கீழே போனோம் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நம் ஆட்கள் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பேசுகிறார்கள்.

பால்மரம்:
ஒப்பீட்டில் ஓட்டை இருக்கிறது. 1970 எண் தீபகற்ப மலாய்க்காரருக்கு உரியது. 2019 எண் சபா, சரவாக் பூர்வகுடிகளையும் சேர்த்த பூமிபுத்ராவுக்கு உரியது. இரண்டு வேறு கூட்டங்களைப் பக்கத்தில் வைத்து 1.77, 1.16 என்கிறீர்கள். போக்கு சரியாக இருக்கலாம், தசமப் புள்ளிக்கு அர்த்தம் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், வருமானம் என்பது குழாயில் வரும் தண்ணீர். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று இந்த ஆய்வு கேட்பதில்லை. தோட்டத்துக் குடும்பத்தின் தொட்டி ஏன் காலி என்று பார்ப்போம்.

பால்மரம் வெட்டும் ஆளுக்குக் கூலி, வெட்டிய நாளுக்கும் கொண்டுவந்த பாலுக்கும். விடியற்காலை மழை பிடித்தால் பட்டை ஈரமாகி, பால் மங்கில் (கோப்பையில்) விழாமல் மரத்தோடு வழிந்துவிடும். அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ரப்பர் விலை இறங்கினாலும் கை இறங்கும். வீடு நிர்வாகத்துடையது. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். 30 ஆண்டு குடியிருந்தாலும் ஒரு கல்கூட உன் பெயரில் இல்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது. அடுத்து 1980, 90-களில் பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீட்டுமனையாக மாறின. ஒரே நோட்டீசில் வேலை, வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி நான்கும் போயின.

அதே காலத்தில் பெல்டா குடியேறியைப் பாருங்கள். 1956-ல் தொடங்கிய அரசின் நிலக் குடியேற்றத் திட்டம். குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர் தோட்டம், தனியாக வீட்டுமனை. கடன்தான், ஆனால் தவணை கழிந்தால் நிலம் அவன் பெயருக்கு வரும். இரண்டு பேரும் வெயிலில் உழைத்தவர்கள். மாதவருமான அட்டவணையில் சில ஆண்டுகள் தோட்டத்தமிழன் மேலேகூட இருந்திருப்பான். பிள்ளைக்கு என்ன விட்டுப்போனான் என்று கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பெல்டாவைச் சொர்க்கமாக்க வேண்டாம். 1960 குழுக் குடியேற்றச் சட்டப்படி அந்த நிலத்தைத் துண்டாகப் பிரிக்க முடியாது. ஆறு பிள்ளைகள் இருந்தாலும் 10 ஏக்கர் 10 ஏக்கராகவே கிடக்கும். மரம் கிழடானால் மறுநடவு, புதுக்கன்று பலன் தர 3 ஆண்டு, அதுவரை முன்பணம் என்ற பெயரில் மறுபடி கடன். பெல்டா இரண்டாம் தலைமுறையும் வேலை தேடிப் பட்டணம் வந்தவர்கள்தான்.

தவிர, நிலம் வாங்கும் வாய்ப்பு நம்மவர்க்கு இல்லாமல் போகவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960-ல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் 10 ரிங்கிட் தவணை கட்டியே தோட்டங்களை வாங்கினார்கள். அடுத்து 1982-ல் வந்த மைக்காவில், ம.இ.கா. தொடங்கிய முதலீட்டு நிறுவனத்தில், போட்ட பணம் என்ன ஆனது? 100 மில்லியனுக்கு மேல் திரட்டினார்கள். ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்குக்கு 2010-ல் கிடைத்தது 80 சென். 28 ஆண்டு விலைவாசியைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் பூமிபுத்ரா கொள்கை காரணம் இல்லை.

மட்டுறுத்துநர்:
இனத்தைத் திட்டிய இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். எண்ணைப் பேசுங்கள்.

ஈப்போ வாசி:
மைக்கா பற்றிச் சொன்னது சரி, வலிக்கவும் செய்கிறது. ஆனால் ஒரே ஒரு நிறுவனம் தோற்றதையும் நாடு தழுவிய ஏற்பாடு இல்லாததையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பூமிபுத்ராக்களுக்கான முதலீட்டு நிதியான அமானா சஹாம் பூமிபுத்ரா 1990-ல் வந்தது. அலகு விலை எப்போதும் 1 ரிங்கிட், ஏற்ற இறக்கம் கிடையாது. ஆண்டுதோறும் ஈவு. பங்குச்சந்தை தெரிய வேண்டியதில்லை. இதில் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. இந்த அலகு வாங்கவே வங்கி கடன் தரும், வாங்கிய அலகே அடமானம். சம்பளத்தில் மாதாமாதம் தவணை பிடித்துக்கொள்வார்கள். சேமிக்கும் பழக்கமே இல்லாத ஆளுக்கும் 20, 25 ஆண்டில் கையில் ஒரு தொகை நிற்கும். ஈவு கடன்வட்டிக்குக் கீழே இறங்கினால் அடி என்பதும் உண்மைதான். ஆனாலும் ஆசிரியர், கிளார்க், சிப்பாய் எல்லாரும் ஏறக்கூடிய ஏணி அது. புதுவீட்டுக்குப் பூமிபுத்ரா கழிவு தனி, மாநிலத்துக்கு மாநிலம் 5 முதல் 15 விழுக்காடு வரை. 4 லட்ச ரிங்கிட் வீட்டில் 10 விழுக்காடு என்றால் 40,000. முன்பணம் முழுவதும் அதிலேயே அடங்கிவிடும்.

பால்மரம்:
பங்குடைமையையும் மறக்காதீர்கள். 1970-ல் நிறுவனப் பங்குகளில் இந்தியர் கையில் 1.1 விழுக்காடு. 20 ஆண்டுப் புதிய பொருளாதாரக் கொள்கை முடிந்து 1990-ல் 1.0. பூமிபுத்ரா 2.4-லிருந்து 19.3.

கணக்குப்பிள்ளை:
அந்த 1 விழுக்காட்டைத் தூக்கிக்கொண்டு வராத ஆளே இல்லை. நிறுவனப் பங்கு யார் கையில் இருக்கும்? சில ஆயிரம் பேர் கையில். நாளையே இரண்டு இந்தியப் பணக்காரர்கள் பெரிய கம்பெனியை வாங்கி அது 4 விழுக்காடு ஆனால், கிள்ளானில் மலிவுவிலை அடுக்குமாடியில் இருப்பவருக்கு ஒரு சென் கூடுமா? பூமிபுத்ரா 19.3 என்பதும் பெரும்பகுதி அறநிதிகளும் சில குடும்பங்களும். அந்த எண் கம்போங்கில் (மலாய்க் கிராமத்தில்) இருப்பவரின் சட்டைப்பையைக் காட்டாது. ஏழ்மையைப் பேசும்போது பங்குடைமையைப் பேசுவது, காய்ச்சலுக்கு உயரம் அளப்பது மாதிரி.

பால்மரம்:
இதை ஒப்புக்கொள்கிறேன். 1 விழுக்காட்டை இனி நான் எடுக்கமாட்டேன்.

புதுக்கிராமம்:
இவ்வளவு நேரம் சீனர் பத்தியை யாரும் பிரிக்கவில்லை. 7,391 என்றதும் எல்லாரும் தௌக்கே (சீன முதலாளி) என்று முடிவுகட்டிவிடுகிறீர்கள். 1950-ல் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை ஒடுக்க ஆங்கிலேயர் போட்ட பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் ஐந்து லட்சம் பேரை முள்வேலிக்குள் குடியமர்த்தினார்கள், பெரும்பாலோர் சீனர். அந்தப் புதுக்கிராமங்கள் இன்றும் நானூற்றுச் சொச்சம். இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், கிழவனும் கிழவியும் மிச்சம். சிங்கப்பூரிலேயே தங்கிவிட்ட மகனின் சம்பளம் குடும்ப வருமானத்தில் வராது, அவன் அனுப்பும் பணம் மட்டும் வரும்.

குடும்ப அளவையும் பாருங்கள். சீனர் வீட்டில் தலைகள் குறைவு. 3 பேர் வீட்டில் 6,000 வந்தால் தலைக்கு 2,000. 6 பேர் வீட்டில் 6,000 வந்தால் 1,000. குடும்ப வருமான அட்டவணையில் இரண்டும் ஒன்று. தலைக்குக் கணக்கிட்டால் சீனர், பூமிபுத்ரா இடைவெளி இன்னும் அகலும். இந்தியர் எங்கே நிற்பார்கள் என்று தலைப்பில் இருக்கும் 5,981-ஐ வைத்துச் சொல்லவே முடியாது.

லெவி:
எல்லாரும் குடிமக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆய்வும் அப்படித்தான், குடியுரிமை இல்லாதவர் அதில் சேர்த்தி இல்லை. இன்று செம்பனைக் குலை வெட்டுபவர் யார்? இந்தோனேசியர், வங்கதேசத்தவர், நேபாளத்தவர். இந்த நாட்டின் அடிமட்ட வருமானம் அட்டவணைக்கு வெளியே கிடக்கிறது.

இதற்கும் உங்கள் தலைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டும் ஆண்டு லெவி (வரி) தோட்டத்தில் 640 ரிங்கிட், தொழிற்சாலையில் 1,850. 2018-க்கு முன் பல முதலாளிகள் அதைத் தொழிலாளி சம்பளத்திலேயே பிடித்தார்கள். ஊரில் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர் ஓடவும் முடியாது, கூடக் கேட்கவும் முடியாது. இப்படிப்பட்ட ஆள் வரிசையில் நிற்கும்போது தோட்டத்தில் மிஞ்சிய தமிழனுக்கு எந்த முதலாளி சம்பளம் உயர்த்துவான்? குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல்தான் வந்தது, தீபகற்பத்தில் 900. இப்போது 1,700. நூறாண்டுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆட்களை இறக்கிக் கூலியைக் குறைத்த அதே சூத்திரம்தான், கப்பலுக்குப் பதில் விமானம்.

ஈப்போ வாசி:
லெவி சொன்னதோடு ஒன்று. இங்கேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடிமக்கள் அல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் இந்தியர்களும் குடிமக்கள் கணக்கில் வரமாட்டார்கள். குடிமக்களுக்கான நீல அட்டை இல்லையென்றால் மலிவுவிலை வீட்டுக்கு விண்ணப்பம் போட முடியாது, அரசு வேலை கிடையாது. நம் பத்தியின் அடித்தட்டு வெட்டப்பட்டுத்தான் 5,981 வருகிறது.

கணக்குப்பிள்ளை:
சரி, ஒரு படி இறங்குகிறேன். குடும்ப மீடியனை மட்டும் வைத்துப் "பின்தங்கவில்லை" என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே காரணத்தால் "பின்தங்கியது" என்று முழுச் சமூகத்தையும் சொல்லவும் முடியாது. பால்மரமே சொன்னபடி அது இரண்டு மூன்று கூட்டம். அப்படியிருக்க "இந்தியருக்கு ஒதுக்கீடு" என்று கேட்டால், அதை முதலில் எடுத்துக்கொள்வது படிவம் நிரப்பத் தெரிந்த கூட்டம்தான்.

சிறுதொழில் கடனைப் பாருங்கள். பூக்கடைக்காரம்மாவுக்கு வியாபாரப் பதிவு பெரிய செலவே இல்லை. சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயரில் 60. தடங்கல் அடுத்த படியில். ஐந்தடிப் பாதைக்கடைக்கு நகராண்மைக் கழக லைசென்ஸ் இருக்காது. கையில் வாங்கிக் கையில் கொடுப்பதால் வங்கிக் கணக்கில் வரவு தெரியாது. மத்திய வங்கியின் கடன்பதிவான சிசிரிஸ் அறிக்கையில் 12 மாதத் தவணை விவரமும் தெரியும், மகனுக்காகத் தன் பெயரில் எடுத்த கடன் அதில் சிவப்பாக நிற்கும். விண்ணப்பம் அங்கே செத்துவிடும். ஏற்கெனவே கடை வைத்து ஓரளவு ஓடுபவர் அதே நிதியை எடுத்துக்கொண்டு போவார். ஆண்டறிக்கையில் இரண்டும் "இந்தியப் பயனாளி".

பால்மரம்:
அப்படியானால் இனத்தை விட்டுவிட்டு வருமானத்தை மட்டும் பார் என்கிறீர்களா? வருமானம் மட்டும் பார்த்தால் ஈப்போ வாசி சொன்ன 4,850 கோடு வந்து நிற்கும். கோலாலம்பூர்க் குடும்பம் வெளியே, கோத்தா பாரு குடும்பமும் வெளியே, இருவர் நிலையும் ஒன்றா? பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் பூமிபுத்ராவுக்கு 90, மற்றவர்க்கு 10 என்ற ஒதுக்கீடு இருக்கும்வரை, இனத்தைப் பார்க்காதே என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் சொல்வது எப்படி நியாயம்? ஓராண்டில் முடியும் படிப்பில் இடம் கிடைக்காத தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போக எஸ்டிபிஎம் என்ற மேல்நிலைத் தேர்வுக்குப் படிக்க வேண்டும், ஒன்றரை ஆண்டு, தேர்வும் கடினம். அந்த ஆறு மாதத்தில்தான் பாதிப் பேர் தொழிற்சாலைக்குப் போகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
"பாதிப் பேர்" எந்த அட்டவணையில் இருக்கிறது?

பால்மரம்:
இல்லை. "பலர்" என்று திருத்திக்கொள்ளுங்கள். மெட்ரிகுலேஷன் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அது தவறான ஒதுக்கீடு, நான் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு தவறான ஒதுக்கீட்டுக்கு இன்னொன்று மருந்து இல்லை. எனக்கு வேண்டியது தலைக்கு வருமானம், மாநிலவாரியாக, இனவாரியாக, வீடு சொந்தமா வாடகையா என்ற விவரத்தோடு.

புதுக்கிராமம்:
மாநிலவாரியாகப் பிரித்தால் மாதிரி சுருங்கிவிடும். கிளந்தானில் ஆய்வுக்குச் சிக்கும் இந்தியக் குடும்பம் எத்தனை இருக்கும்? நாலு வீட்டின் மீடியனை வைத்துச் சண்டைபோட வேண்டிவரும்.

கணக்குப்பிள்ளை:
கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சிலாங்கூர், கோலாலம்பூர், பேராக், பினாங்கு, நெகிரி செம்பிலான், ஜொகூர், கெடா. இந்த ஏழில் போதிய குடும்பங்கள் உண்டு. ஏழில் நாலில் இந்தியரின் தலைக்கு வருமானம் பூமிபுத்ராவுக்குக் கீழே இருந்தால் என் முதல் பதிவை நானே வாபஸ் வாங்குகிறேன். மேலே இருந்தால் பால்மரம் மேடைப்பேச்சை விடவேண்டும். சம்மதமா?

பால்மரம்:
வீட்டு விவரமும் சேர்ந்து வந்தால் சம்மதம். இல்லாவிட்டால் மறுபடி குழாயை மட்டும்தான் அளப்பீர்கள்.