ஆடி நோம்பி, காப்புக்கட்டு, பட்டிப்பொங்கல்: சின்னப் பிள்ளைகள் கையில் எந்த வேலையைக் கொடுக்கலாம்?

பாலர் பள்ளி ஆசிரியை, நாமக்கல்

நோம்பி (பண்டிகை) வந்தால் வண்ணம் தீட்டும் தாளைக் கொடுத்துப் பிள்ளைகளை உட்கார வைப்பதே வழக்கமாகிப் போச்சுங்க. கரும்புப் படத்துக்கு வண்ணம் அடிக்கிற பிள்ளை, கரும்பின் கணுவைத் தொட்டே பார்த்திருக்காது. நம்ம பக்கத்து நோம்பியிலேயே மூணு வயசுக் கைக்கு ஏத்த வேலை நிறைய இருக்குது. கரூர், ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் ஆடி 1 அன்னைக்குத் தேங்காய்க்குள் பயிறு, அவல், சர்க்கரை போட்டு, குச்சியில் செருகி நெருப்பில் சுடுவதையே எடுத்துக்குங்க.

முதல் வேலை தேய்ப்பது. நாரெல்லாம் உரித்த தேங்காயைச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் உருட்டி உருட்டித் தேய்க்க விடுங்க. மிச்ச நார் இருந்தால் அது முதலில் பற்றிக்கொண்டு ஓடு ஒரே பக்கம் கருகும். அதனால் இது வெறும் விளையாட்டு இல்லை, தேவையான வேலை. இரண்டு பேருக்கு ஒரு தேங்காய் போதும். ஆளுக்கொன்று கொடுத்தால் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடும்.

அடுத்தது கண் தேடுவது. மூன்று கண்ணில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும். மழுங்கின குச்சியால் அழுத்திப் பார்த்துப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஓட்டை போடுவது பெரியவர் வேலை. தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்து வைங்க, உள்ளே எல்லாம் போட்ட பிறகு பாதியைத் திரும்ப ஊற்ற வேணும்.

உள்ளே போடுவதற்கு ஒரு தேங்காய்க்கு அளவு: வறுத்து ஊறவைத்த பாசிப்பயிறு 2 ஸ்பூன், அவல் 3, நாட்டுச்சர்க்கரை 3, எள் 1, பொட்டுக்கடலை 2. தனித்தனி வட்டலில் வைத்து, தடித்த தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுத்தால் எண்ணி எண்ணிப் போடுவார்கள். அடைத்துக்கொள்வது எப்போதும் அவலும் சர்க்கரையும்தான். அவலைக் கையால் நொறுக்கிடணும். ஆடிக் காத்தில் சர்க்கரை ஈரம் இழுத்துக் கட்டியாகும், முதல் நாளே வெயிலில் காயவைத்துச் சலிச்சுக்குங்க. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அவலும் பயிறும் தண்ணீரில் உப்பும், ஆவிக்கும் இடம் வேணும். திணித்த தேங்காய் நெருப்பில் வெடிக்கும்.

பிறகு ஓட்டையில் குச்சியைச் செருகி, ஓடு முழுக்க மஞ்சளைப் பிள்ளைகளைப் பூச விடுங்க. அழிஞ்சில் குச்சிதான் வழக்கம். கிடைக்காவிட்டால் வேறு பச்சைக் குச்சி, ஆனால் அரளி மட்டும் வேண்டவே வேண்டாம், விஷம்.

அங்கன்வாடிப் பணியாளர், பரமத்தி பக்கம்

அக்கா சொன்னதோடு இரண்டு சேர்த்துக்குங்க. பயிறை வறுத்தால் மட்டும் போதாது, 2 மணி நேரமாவது ஊறணும். இருபது நிமிட நெருப்பில் ஊறாத பயிறு வேகாது, கடிபடாது. நாலு வயசுக்குக் கீழே இருந்தால் பொட்டுக்கடலையைப் பொடித்துத்தான் போடணும். முழுசாகப் போட்டால் மூச்சுக்குழாயில் சிக்கும். நிரப்பும்போது பக்கத்திலேயே ஆள் இருக்கணும். பயிறு மூக்குக்குள் போவது கண்சிமிட்டும் நேரத்தில் நடக்கும்.

சுடுவதைப் பார்க்கலாம், சுட வைக்கக் கூடாது. கோலமாவில் 3 மீட்டர் தள்ளிக் கோடு போட்டு அதற்குப் பின்னால் நிற்க வைங்க. ஓடு கருகி, கீறல் விட்டு, வெல்லப்பாகு வாசம் வந்தால் எடுத்துடலாம். எடுத்த உடனே உடைக்காதீங்க, உள்ளே ஆவி இருக்கும். அரை மணி நேரம் ஆறட்டும்.

வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர், பவானி

ஆடி 18க்கு முளைப்பாரி. வீட்டில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியில் (கொட்டாங்குச்சி), கண் உள்ள பாதியை எடுத்து மெத்தான கண்ணைக் குத்திவிட்டால் தண்ணீர் வடியும். தொட்டி உருளாமல் இருக்கப் பழைய வளையல் ஒன்றின் மேல் வைங்க. சலித்த செம்மண் 2 பங்கு, பொடித்த காய்ந்த சாணம் 1 பங்கு, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை.

ஆடி 9 ராத்திரி ஊறவைத்து 10 அன்னைக்கு விதைத்தால் 18க்கு நல்ல உயரம் இருக்கும். இரவு முழுக்க ஊறினால் போதும். ஒரு நாளுக்கு மேல் விட்டால் நாறிவிடும். தட்டைப்பயிறும் பாசிப்பயிறும் சட்டென்று முளைக்கும், கம்பும் சோளமும் கொஞ்சம் பின்தங்கும். உடைத்த பருப்பு முளைக்காது. அதையும் ஒரு தொட்டியில் போட்டு வைத்தால் ஏன் வரவில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

டம்ளரைக் கையில் கொடுத்தால் மொத்தத்தையும் கவிழ்த்துவிடும். மூடியில் ஊசியால் ஓட்டை போட்ட பாட்டில் கொடுங்க. காலை இரண்டு ஸ்பூன் அளவு, மாலை அதே அளவு. எறும்பு வந்தால் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் ஒரு கல்லை வைத்து, தொட்டியை அதன் மேல் வைங்க.

ஒரு தொட்டி கூடைக்கடியில், ஒன்று வெளிச்சத்தில். இருட்டில் இருப்பது வெளுத்து நெட்டையாக ஓடும். எது நல்லா இருக்கு என்று கேட்டால் பிள்ளைகள் நெட்டையைத்தான் காட்டுவார்கள். திருத்தாதீங்க. வெளியே எடுத்து வைத்தால் பச்சையாகி, வெளிச்சம் வரும் பக்கம் சாய்வதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தினமும் முளை உயரத்துக்கு நூலை வெட்டிச் சுவரொட்டியில் வரிசையாக ஒட்டினால் அளவுகோலே வேண்டாம்.

வேளாண்மை படித்தவர், கோபி

பூசணம் என்று பலர் தூக்கிப் போடுவது பூசணமே இல்லைங்க. முளைத்த இரண்டாம் மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாக ஒரு பஞ்சு தெரியும். தண்ணீர் தெளித்ததும் மறைந்தால் அது வேர்த்தூவி. தண்ணீர் பட்டும் போகாமல், விதைமேலும் மண்மேலும் வலை மாதிரிப் படர்ந்து நெடி அடித்தால்தான் பூசணம். விதையை ஒன்றின்மேல் ஒன்று கொட்டியதும், வடிகால் அடைத்ததும்தான் காரணமாக இருக்கும். ஒரு தொட்டிக்கு ஒரு ஸ்பூன் விதை, ஒரே அடுக்கு.

இன்னொன்று. எண்ணிப் பழக விதை தேடும்போது கொட்டமுத்தும் (ஆமணக்கு விதை) குன்றிமணியும் அழகாகத்தான் இருக்கும், இரண்டுமே கடுமையான விஷம். வகுப்புக்குள்ளேயே வரக் கூடாது.

அங்கன்வாடிப் பணியாளர், பரமத்தி பக்கம்

மார்கழி கடைசி நாள் வீட்டில் இலையும் பூவும் கொத்தாகக் கட்டும் காப்புக்கட்டு இன்னும் சுலபம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொல்லுங்க. கண்ணை மூடிக்கொண்டு தொட்டே பிரிக்கும் பிள்ளையும் உண்டு. ஆவாரம்பூ மதியத்துக்குள் வாடி உதிரும், ஈரத்துணியில் சுற்றி வைங்க. கட்டுவதற்கு மூணு வயசுக்கு ரப்பர் பேண்டு, அஞ்சு வயசுக்கு நூல். வீசிங் இருக்கிற பிள்ளை பூளையை உதறக் கூடாது, அதுக்கு வேப்பிலை வேலை கொடுங்க.

பாலர் பள்ளி ஆசிரியை, நாமக்கல்

பட்டிப்பொங்கலுக்கு (மாட்டுப் பொங்கல்) களிமண் மாடு செய்ய வைப்பவர்களுக்கு: காலைத் தனியாக உருட்டி ஒட்டினால் காயும்போது கழன்றுவிடும். ஒரே உருண்டையிலிருந்து நான்கு காலையும் கிள்ளி இழுக்கச் சொல்லுங்க, குட்டையாக இருந்தாலும் நிற்கும். நிழலில் மூன்று நாலு நாள். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து வெடிக்கும். பட்டிப்பொங்கலுக்குத் தரையில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டினால் ஒரு முழச் சதுரம், கரை மூன்று விரல் உயரம். தண்ணீர் மூலையில்தான் கசியும். ஒட்டு விழும் இடம் அது. நாலு பக்கமும் தனித்தனிக் கரை வைக்காமல் ஒரே நீளத் திரியாக உருட்டி வளைச்சு வைங்க, ஒட்டு ஒரு இடத்தில் மட்டும் இருக்கும், அதை ஈர விரலால் பிள்ளைகளே அடைத்துக்கொள்ளும்.